இருபது நொடியும் ஒரு வட்டின் ஆயுளும்

ஒரு டிவிடியை 12 எக்ஸில் எழுதுவதற்குப் பதில் 16 எக்ஸில் எழுதினால் மிச்சமாகும் நேரம் ஏறத்தாழ இருபது நொடி. சொன்னால் பலரும் நம்புவதில்லை. பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறதே, நேரமும் அதற்கேற்பக் குறைய வேண்டாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. டிவிடி ரைட்டரின் வேகத்தையும் அது எழுதும் தரத்தையும் சோதிப்பது பற்றி எழுதுவதென்றால் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டிவிடியில் 1 எக்ஸ் என்றால் நொடிக்கு 1,385 கிலோபைட். (சிடியில் அதே 1 எக்ஸ் 150 கிலோபைட், ப்ளூ-ரேயில் 4.5 மெகாபைட். மூன்றும் வேறு வேறு அளவுகோல்கள் என்பதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.) ஒரு டிவிடியில் 470 கோடி பைட் அடங்கும். 1 எக்ஸில் அதை நிரப்ப 56 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பதினாறால் வகுத்தால் மூன்றரை நிமிடம் வருகிறது. ஆனால் எந்த ரைட்டரும் மூன்றரை நிமிடத்தில் முடித்து நான் பார்த்ததில்லை. முடிக்கவும் முடியாது. 16 எக்ஸ் என்பது வட்டின் வெளி விளிம்பில் மட்டும் தொடும் உச்சம்.

தரவு மையத்திலிருந்து 24 மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கி, 58 மில்லிமீட்டரில் முடிகிறது. மோட்டார் ஒரே சுழற்சியில் ஓடும்போது உள்ளே சுற்றளவு குறைவு, அதனால் ஒரு சுற்றில் எழுதப்படும் தரவும் குறைவு. விளிம்பில் 16 என்றால் தொடக்கத்தில் 6.6 தான் வரும். சராசரி 11.3. ஆக மொத்தம் ஐந்து நிமிடம், லீட்-இன், லீட்-அவுட் எனப்படும் தொடக்க, முடிவுப் பகுதிகளும் சேர்ந்தால் ஐந்தரையோ ஆறோ. இப்போது 12 எக்ஸைப் பாருங்கள். அதே சுழற்சியில் தொடங்கி, 43.5 மில்லிமீட்டர் வந்ததும் 12 எக்ஸை எட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு வேகத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டு, வெளியே போகப் போக மோட்டாரின் சுழற்சியைக் குறைத்துக்கொண்டே வருகிறது. லீட்-இன், லீட்-அவுட் சேர்க்காமல் கூட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடம் இருபது நொடி. 8 எக்ஸில் ஏழு நிமிடமும் சொச்சமும்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். 43.5 மில்லிமீட்டருக்கு வெளியே இருக்கும் வளையத்தில்தான் டிவிடியின் தரவில் பாதிக்கும் மேல், ஏறக்குறைய 53 சதவீதம், உட்காருகிறது. ஆகவே 16 எக்ஸைத் தேர்ந்தெடுப்பவர், இருபது நொடி மிச்சத்துக்காகத் தன் தரவில் பாதிக்கும் மேற்பட்டதை மிகக் கடினமான சூழலில் எழுத வைக்கிறார். அந்த வேகத்தில் மோட்டார் நிமிடத்துக்கு 9,200 சுற்று சுற்றுகிறது. வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் லேசரைக் கடந்து ஓடுகிறது. பாலிகார்பனேட் வட்டு ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும், மையத்துளை சற்று விலகியிருந்தாலும், அதன் விளைவு முழுதும் தெரிவது அங்கேதான்.

ரைட்டரின் அட்டைப்பெட்டியில் 20, 22, 24 எக்ஸ் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். எழுதும் டிவிடி வட்டுகளுக்கான தர வரையறை 16 எக்ஸோடு நின்றுவிட்டது. மேலே உள்ளவை ரைட்டர் தயாரிப்பாளர்கள் தாங்களாக ஏற்றிக்கொண்டவை.

சரி, வேகத்தை எப்படிச் சோதிப்பது? எனக்குப் பழகிய கருவி எரிக் டெப்பே எழுதிய நீரோ சிடி-டிவிடி ஸ்பீட். பின்னால் நீரோ டிஸ்க்ஸ்பீட் ஆனது. அதே மனிதர் தனியாக எழுதிய ஆப்டி டிரைவ் கண்ட்ரோலும் உண்டு. வெற்று வட்டைப் போட்டு, சோதனைத் தரவை எழுதச் சொன்னால் திரையில் இரண்டு கோடுகள் வரைந்துகொண்டே போகும். பச்சைக் கோடு எழுதும் வேகம், மஞ்சள் கோடு மோட்டாரின் சுழற்சி. மஞ்சள் தட்டையாகவும் பச்சை ஏறிக்கொண்டும் இருந்தால் அது சுழற்சி மாறா முறை, அதாவது சிஏவி. பச்சை ஒரு கட்டத்துக்குப் பிறகு தட்டையாகி, மஞ்சள் இறங்கினால் பி-சிஏவி. பச்சை படிக்கட்டு மாதிரி ஏறினால் இசட்-சிஎல்வி, வட்டை மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு வேகம். வட்டு எழுதும் மென்பொருளான இம்க்பர்ன் பயன்படுத்துகிறவர்களுக்கு எழுதி முடித்ததும் பதிவேட்டில் சராசரி வேகம் கிடைக்கும், வரைபடத்தையும் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

கோடு நேராக வராமல் பள்ளம் விழுந்தால் காரணம் தேட வேண்டும். இதில் பலர் ரைட்டரைத் திட்டிவிட்டுக் கேபிளை விட்டுவிடுகிறார்கள். 16 எக்ஸுக்கு நொடிக்கு 22 மெகாபைட் தரவு தடையில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். பழைய பட்டைக் கேபிள் கணினிகளில் விண்டோஸ் எக்ஸ்பி, பிழைகள் சில சேர்ந்தால் டிஎம்ஏ என்ற வேகமான தரவு முறையைக் கைவிட்டு பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறங்கிவிடும். பிறகு எவ்வளவு நல்ல ரைட்டர் ஆனாலும் நொண்டும். யுஎஸ்பி 2.0 வெளிப்பெட்டியில் போட்டால் 16 எக்ஸ் வரை தாங்கும், ஆனால் அதே யுஎஸ்பியில் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கும் தொங்கினால் தாங்காது. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் புகைப்படக் கோப்புகளை நேரடியாக வட்டில் எழுதச் சொல்வதும் இதே சிக்கலைக் கொண்டுவரும். முதலில் எல்லாவற்றையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக்கி அதை எழுதுவது எப்போதும் நல்லது.

தரவு வராமல் போனால் முன்காலத்தில் வட்டு குப்பைக்குப் போகும். 2000-இல் சான்யோ பர்ன்-ப்ரூஃப் கொண்டுவந்த பிறகு, ரைட்டர் அந்த இடத்தில் நிறுத்தி, தரவு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தொடர்ச்சியும் வட்டில் ஒரு ஒட்டு. ஒட்டுகள் அதிகமான வட்டை நான் சேமிப்புக்கு வைத்துக்கொள்வதில்லை. பள்ளங்கள் ஒழுங்கற்ற இடைவெளியில் விழுந்தால் தரவுப் பஞ்சம் என்று கொள்ளலாம். ஒவ்வொரு வட்டிலும் அதே அதே இடத்தில் விழுந்தால் அது பெரும்பாலும் ரைட்டர் வேண்டுமென்றே நிறுத்தி லேசரின் சக்தியை மறுபடி அளந்து பார்ப்பது. முன்னது கோளாறு, பின்னது அக்கறை. வரைபடத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், அதனால் ஒரே ஒரு வட்டை எழுதிவிட்டு முடிவு சொல்லக் கூடாது.

எழுதும் டிவிடிகளில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு வகை உண்டு. வட்டை வீணாக்காமல் வேகத்தை மட்டும் பார்க்க ஆசைப்பட்டால் டிவிடி மைனஸ் ஆரில் லேசரின் சக்தியைக் கூட்டாமல் ஒத்திகை ஓட்டம் விடலாம். டிவிடி பிளஸ் ஆரில் அந்த வசதியே கிடையாது.

ரைட்டர் எந்த வேகத்தில் எழுதும் என்பதை நீங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. வட்டைச் செருகியதும் அது முதலில் படிப்பது வட்டுக்குள் ஆலையிலேயே பதித்த தயாரிப்புக் குறியீட்டை. சிடியில் அது ஏடிஐபி (ATIP), டிவிடி பிளஸ் ஆரில் ஏடிஐபி போலவே ஒலிக்கும் இன்னொன்று (ADIP), டிவிடி மைனஸ் ஆரில் தடங்களுக்கு இடையே குத்திவைத்த நுண்குழிகள். அந்தக் குறியீட்டைத் தன் ஃபர்ம்வேரில், அதாவது தனக்குள்ளேயே பதிந்த மென்பொருளில், உள்ள அட்டவணையில் தேடும். கிடைத்தால் அந்த வட்டில் லேசர் சுடும் சாயத்துக்கு எவ்வளவு சக்தி, எவ்வளவு நேரத் துடிப்பு என்ற எழுத்து உத்தி தயாராக இருக்கும். கிடைக்காவிட்டால் பொதுவான ஓர் உத்தியோடு வேகத்தையும் இறக்கிக்கொள்ளும். ஆகவே ‘இந்த ரைட்டர் நல்லதா’ என்று தனியாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. இந்த ரைட்டர், இந்த ஃபர்ம்வேர், இந்தக் குறியீடுள்ள வட்டு, இந்த வேகம் என்று நான்கையும் சேர்த்துக் கேட்டால்தான் சொல்லலாம். ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் அதே பெட்டி வட்டுகள் வேறு மாதிரி எழுதுவதற்கும் காரணம் இதுதான்.

டப்பாவின் மேல் அச்சிட்ட பெயருக்கும் உள்ளே இருக்கும் குறியீட்டுக்கும் பெரும்பாலும் உறவு கிடையாது. டிஒய்ஜி03 என்று வந்தால் ஜப்பானின் தாயோ யூடன். எம்சிசி 004 என்றால் மிட்சுபிஷி கெமிக்கல், அதாவது வெர்பாட்டிம். சிஎம்சி மேக் என்று தொடங்கினால் தைவானின் சிஎம்சி. எம்பிஐ என்றால் நம்ம மோசர் பேர்.

மோசர் பேர் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1983-இல் டெல்லியில் வருகை நேரம் பதியும் கருவிகள் செய்யத் தொடங்கி, ஃப்ளாப்பிக்கு மாறி, 1999-இல் சிடி செய்ய ஆரம்பித்து, உலகத்தின் பெரிய வட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்றாக நொய்டாவிலிருந்து எழுந்த கம்பெனி அது. 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று தமிழ்ப் படங்கள் உட்படக் கடைகளில் தொங்கவிட்டு, திருட்டு விசிடி விலைக்கே ஒரிஜினலை வாங்க வைத்தார்கள். சென்னை ரிச்சி தெருவில் ‘மேட் இன் இந்தியா’ என்று அச்சிட்ட வெர்பாட்டிம் டப்பா வாங்கியவர்கள் உண்மையில் வாங்கியது அவர்கள் ஆலையில் செய்த வட்டைத்தான். 2018-இல் கம்பெனியைக் கலைக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கும் கல்யாண சிடிக்கள், பொறியியல் கல்லூரிக்குக் கொடுத்த புராஜெக்ட் சிடிக்கள் இவற்றில் எத்தனையோ எம்பிஐ குறியீடு தாங்கியவை. அவற்றின் இன்றைய நிலையை அளந்து பார்க்க நம்மைவிட வேறு யாருக்கும் அக்கறை இருக்கப் போவதில்லை.

இனி தரம். எழுதி முடித்ததும் ‘வெற்றி’ என்று ஒரு செய்தி வரும், தட்டு வெளியே வரும். அந்தச் செய்தியின் பொருள், எழுதும் வேலை தடைபடாமல் நடந்தது என்பது மட்டும். அடுத்து வெரிஃபை செய்தால், இன்று, இந்த ரைட்டரில், எல்லாத் தரவும் சரியாகப் படிக்க முடிந்தது என்று தெரியும். முன்னதைவிட இது மேல். ஆனால் எவ்வளவு சிரமப்பட்டுப் படித்தது என்று வெரிஃபை சொல்லாது. தரம் என்று நான் சொல்வது அந்தச் சிரமத்தை.

சிரமம் எங்கிருந்து வருகிறது என்றால், வட்டில் இருப்பவை பூஜ்யமும் ஒன்றும் அல்ல, நீளமும் குட்டையுமான புள்ளிகள். மிகச் சிறியது 0.4 மைக்ரோமீட்டர். லேசர் சாயத்தைச் சுட்டு அவற்றை உண்டாக்குகிறது. படிக்கும்போது, புள்ளியின் தொடக்கமும் முடிவும் எங்கே என்பதில்தான் தகவல் இருக்கிறது. 1 எக்ஸில் ஓர் அலகு நீளத்துக்குக் கிடைக்கும் காலம் 38 நானோ நொடி. 16 எக்ஸில் 2.4 நானோ நொடி. இந்த அவகாசத்துக்குள் லேசரை ஏற்றி, இறக்கி, முந்தைய புள்ளியின் சூடு அடுத்ததில் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்தி கூடினால் புள்ளி நீண்டுவிடும், குறைந்தால் விளிம்பு மங்கும். விளிம்புகள் இப்படி இடம் தவறும் அளவுதான் ஜிட்டர். எழுதத் தொடங்குமுன் ரைட்டர் உள்பக்கம் ஒதுக்கிய சிறு பகுதியில் சில தடவை எழுதிப் பார்த்துச் சரியான சக்தியைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் சாயம் வட்டு முழுதும் ஒரே கனத்தில் பரவியிருக்காது. உள்ளே சரியாக இருந்த சக்தி வெளியே சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிழை இல்லாத வட்டு என்று ஒன்று கிடையாது. அச்சிட்ட ஒரிஜினல் டிவிடியிலும் பிழைகள் இருக்கும். அதை எதிர்பார்த்துத்தான் தரவை 32 கிலோபைட் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 208 வரிசை, வரிசைக்கு 182 பைட் என்று அடுக்கி, குறுக்கிலும் நெடுக்கிலும் திருத்தும் பைட்டுகளைச் சேர்க்கிறார்கள். வரிசையில் உள்ள பத்துத் திருத்தும் பைட்டுகளால் அந்த வரிசையின் ஐந்து தவறான பைட்டுகளைச் சரிசெய்ய முடியும். ஒரு வரிசையில் ஒரு பிழையாவது இருந்தால் அது பிஐ பிழை. ஐந்துக்கு மேல் போய் அந்த வரிசையைத் திருத்த முடியாவிட்டால் அது பிஐ தோல்வி, சுருக்கமாக பிஐஎஃப். அப்போதும் தரவு போய்விடவில்லை. நெடுக்குவாட்டில் உள்ள பதினாறு திருத்தும் பைட்டுகள் கை கொடுக்கும். அதுவும் தோற்றால் பிஓஎஃப். அந்த இடத்தில் கோப்பு போனது போனதுதான்.

தர வரையறை சொல்லும் எல்லைகள் இவை: அடுத்தடுத்த எட்டுத் தொகுதிகளில் பிஐ பிழைகள் 280-ஐத் தாண்டக் கூடாது. ஒரு தொகுதியில் பிஐஎஃப் நான்கைத் தாண்டக் கூடாது. பிஓஎஃப் இருக்கவே கூடாது. சிடிக்கு வேறு கணக்கு. திருத்தத்தின் முதல் கட்டத்தில் எண்ணப்படும் சி1 பிழைகள் சராசரியாக நொடிக்கு 220-க்குள் இருக்க வேண்டும். திருத்தத்தின் இரண்டாம் கட்டத்தை எட்டும் சி2, நன்றாக எழுதிய சிடியில் பூஜ்யமாக இருக்க வேண்டும். இந்த எல்லைகளைத் தேர்வில் பாஸ் மார்க் என்று கொள்ளலாம். சேமிப்புக்கு வைக்கும் வட்டிடம் நான் எதிர்பார்ப்பது அதைவிட மிக அதிகம். பிஐ பிழைகள் இருபது முப்பதைத் தாண்டாமல், பிஐஎஃப் ஒன்று இரண்டோடு நிற்கும் வட்டுகளை எழுத முடியும் என்று கண்ணால் பார்த்த பிறகு, 250-இல் நிற்கும் வட்டை ‘வரையறைக்குள் இருக்கிறது’ என்று உள்ளே வைக்க மனம் ஒப்பவில்லை.

எல்லா ரைட்டர்களும் இந்த எண்ணிக்கையை வெளியே சொல்வதில்லை. லைட்-ஆன், பென்க்யூ, பிளெக்ஸ்டர் ஆகியவற்றின் பல மாடல்கள் சொன்னதால்தான் வீட்டிலேயே இந்தச் சோதனை சாத்தியமாயிற்று. லைட்-ஆனுக்குக் கேபுரோப், பிளெக்ஸ்டருக்குப் பிளெக்ஸ்டூல்ஸ், லினக்ஸில் கியூபிஎக்ஸ்டூல். என்னிடம் இருப்பது லைட்-ஆன் ஐஎச்ஏஎஸ்124. டிவிடிக்கு எப்போதும் 4 எக்ஸில் ஸ்கேன் செய்கிறேன். முழு வட்டுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். வேகத்தைக் கூட்டினால் பிழைகளும் கூடித் தெரியும். அந்தக் கூடுதல் எழுத்தின் குறையா படிப்பின் குறையா என்று பிரிக்க முடியாது. 4-ஓ 8-ஓ ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும்.

வீட்டு ரைட்டர் ஓர் ஆய்வுக்கூடக் கருவி அல்ல. தர வரையறை சொல்லும் அளவீடு தனியாகச் சீர்செய்த கருவியில், 1 எக்ஸில் செய்யப்படுவது. என் ஐஎச்ஏஎஸ்124 காட்டும் 30 இன்னொருவருடைய ரைட்டரில் 80 ஆகலாம். ஆகவே தனி எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. ஒரே ரைட்டரில், ஒரே வேகத்தில் ஸ்கேன் செய்த இரண்டு வட்டுகளை ஒப்பிடுவதற்கும், ஒரே வட்டை இன்றும் மூன்று வருடம் கழித்தும் ஒப்பிடுவதற்கும் மதிப்பு உண்டு. சிடி-டிவிடி ஸ்பீட் கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போடும். அது பெரும்பாலும் பிஐஎஃபின் உச்சத்தைப் பொறுத்தது. ஒரு விரல்ரேகை, ஒரு தூசு, ஒரே ஒரு முள் போல எழும்பினால் மதிப்பெண் சரிந்துவிடும். வட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் ஏறிவிடும். நான் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, வரைபடத்தின் வடிவத்தைப் பார்க்கிறேன்.

வடிவம் நிறையச் சொல்லும். உள்ளிருந்து வெளிவரை தாழ்வாகத் தட்டையாகப் போனால் ரைட்டரும் வட்டும் ஒத்துப்போகின்றன. பாதிவரை தட்டையாக இருந்து வெளியே மலை போல ஏறினால் வேகம் அந்த வட்டுக்கு அதிகம், அல்லது வட்டு வளைந்திருக்கிறது. 8 எக்ஸில் இன்னொன்றை எழுதிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். படிக்கட்டு முறையில் எழுதும் ரைட்டரில் மண்டலம் மாறும் இடங்களில் சிறு முட்கள் தெரியும். தொடக்கத்திலேயே உயர்ந்து பிறகு இறங்கினால் முதல் சக்தி அளவீடு தப்பாகி, போகும் வழியில் ரைட்டர் திருத்திக்கொண்டது. இரட்டை அடுக்கு வட்டில் நடுவே, அடுக்கு மாறும் இடத்தில் ஏற்றம் இருக்கும். எனக்கு அந்த வட்டுகள் மேல் நம்பிக்கை வந்ததே இல்லை.

ஸ்கேனோடு இன்னொரு சோதனையும் சேர்த்துச் செய்கிறேன். வேறொரு ரைட்டரில், அது படிக்கக்கூடிய உச்ச வேகத்தில் வட்டை முழுதும் படிக்க வைப்பது. கோடு வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். எங்காவது திணறி இறங்கினால், ஸ்கேன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வட்டு எல்லாப் பிளேயருக்கும் பிடிக்காது. பிழை எண்ணிக்கையில் தெரியாத ஜிட்டரும் புள்ளிகளின் சமச்சீரின்மையும் இங்கே வெளிப்படும். மேற்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்களாகக் காட்டும் சோதனையும் உண்டு. அது படிக்க முடிகிறதா இல்லையா என்று மட்டும் சொல்வது. சிவப்பு வரும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

‘முக்கியமான டிவிடியா, 4 எக்ஸ்ல போடுங்க’ என்ற அறிவுரையைக் கடைக்காரர்களும் ஸ்டுடியோக்காரர்களும் இன்றுவரை சொல்கிறார்கள். முன்பு அதில் உண்மை இருந்தது. ஆனால் 16 எக்ஸ் வட்டின் சாயம் வேகமாகவும் வலுவாகவும் அடிக்கும் லேசருக்காகச் செய்யப்பட்டது. ஃபர்ம்வேர் எழுதுகிறவர்களும் தங்கள் உழைப்பை 8, 12, 16 எக்ஸ் உத்திகளில் செலவிட்டிருப்பார்கள். அத்தகைய வட்டை 4 எக்ஸில் எழுதி ஸ்கேன் செய்தால் 8 எக்ஸில் எழுதியதைவிட மோசமாக வருவதைப் பார்க்கலாம். மெதுவாகச் செய்தால் நன்றாக வரும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. என் அனுபவத்தில் நல்ல வட்டுகளுக்கு 8 அல்லது 12 எக்ஸ் சுத்தமாக வருகிறது. எது என்று ஸ்கேன் சொல்லட்டும்.

இதெல்லாம் யாருக்குத் தேவை என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர் ஸ்டுடியோ அண்ணன் கதையைச் சொல்வேன். கல்யாண வீடியோக்களை டிவிடியில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். விலை குறைவு என்று பெயர் தெரியாத கம்பெனி வட்டுகளை மொத்தமாக வாங்கியிருந்தார். ஒன்றை வாங்கிவந்து ஸ்கேன் செய்தேன். முதல் மூன்று கிகாபைட் பரவாயில்லை. அதற்குப் பிறகு பிஐஎஃப் எல்லையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. “அண்ணே, இந்த டப்பாவைக் கல்யாண வேலைக்கு வைக்காதீங்க” என்றேன். “பிளேயர்ல ஓடுதேப்பா, பார்ட்டிக்குப் போட்டுக் காட்டித்தானே குடுக்கிறேன்” என்றார். அவர் போட்டுக் காட்டியது முதல் ஐந்து நிமிடத்தை. அதாவது வட்டின் உள்பக்கத்தை. முந்தைய நாள் மாலை வரவேற்பு உள்ளே இருக்கும், முகூர்த்தம் நடுவில் இருக்கும், பந்தியும் மறுவீடும் விளிம்பில் இருக்கும். சில வருடங்களில் ஒவ்வொரு குடும்பமாக அந்த டிவிடிக்களோடு திரும்பி வந்தது. கேட்டது ஒரே குறை: கடைசியில் நின்று நின்று ஓடுகிறது. மறுவீட்டுக் காட்சியில் மட்டும் இருந்த பாட்டிகள், தாத்தாக்கள் இருப்பார்கள், இன்று அவர்கள் இல்லை. முடிந்தவரை மெதுவான வேகத்தில் பல தடவை படிக்க வைத்து மீட்டுக் கொடுத்தோம். சிலவற்றில் மீட்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் இரண்டு பழக்கங்களை ஏற்றுக்கொண்டார். ஒன்று, வட்டை நிரப்பாமல் நான்கு கிகாபைட்டோடு நிறுத்துவது. அப்படிச் செய்தால் எழுத்து 54 மில்லிமீட்டர் அளவில் முடிந்து, மோசமான அந்த வெளி வளையத்தைத் தொடாமலே இருந்துவிடும். இரண்டு, புதிய டப்பா வந்ததும் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுத்து எழுதி என்னிடம் ஸ்கேனுக்குத் தருவது. தரவு வட்டுகளுக்கு நான் இன்னொன்றும் செய்கிறேன். மிச்சமிருக்கும் இடத்தை டிவிடிசாஸ்டர் என்ற இலவச மென்பொருளால் திருத்தும் தரவைக் கொண்டு நிரப்பிவிட்டு எழுதுகிறேன். கார்ஸ்டன் க்னோர்லிஷ் எழுதியது. வட்டில் ஏற்கெனவே உள்ள திருத்தத்துக்கு மேல் இன்னொரு அடுக்கு. சில பகுதிகள் படிக்க முடியாமல் போனாலும் கோப்பு திரும்பக் கிடைக்கும்.

டப்பாவுக்கு டப்பா ஸ்கேன் செய்யச் சொல்வதற்கு இப்போது கூடுதல் காரணமும் இருக்கிறது. தாயோ யூடன் 2015 முடிவோடு இந்தத் தொழிலை விட்டுவிட்டது. வெர்பாட்டிமை மிட்சுபிஷி கெமிக்கல் 2019-இல் சிஎம்சிக்கு விற்றது. சோனி 2025 பிப்ரவரியில் எழுதும் ப்ளூ-ரே வட்டுகளை நிறுத்தியது. ஒரு காலத்தில் குறியீட்டைப் பார்த்தே வட்டின் தரத்தைச் சொல்லிவிடலாம். இன்று அதே குறியீடு வேறு ஆலையிலிருந்து, வேறு கவனத்தோடு வரலாம். குறியீட்டை நம்பி வாங்கலாம், ஸ்கேன் செய்யாமல் சேமிப்புக்கு வைக்கக் கூடாது.

எழுதிய வட்டுகளை நிமிர்த்தி, உறைக்குள், வெயில் படாத இடத்தில் வைக்கிறேன். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு மூடிய பெட்டியும் சிலிகா ஜெல்லும் போதுமானவை. வட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. அதன் எடையும் பசையும் சுழற்சியைக் குலைக்கும். வருடத்துக்கு ஒரு முறை சிலவற்றை எடுத்து, எழுதிய நாளில் எடுத்த வரைபடத்தோடு ஒப்பிடுகிறேன். எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்தால், இன்னும் எல்லைக்குள் இருக்கிறதே என்று காத்திராமல் புதிய வட்டுக்கு மாற்றிவிடுகிறேன். படிக்க முடியும்போதே மாற்றினால் ஒரு பைட்டும் இழக்க வேண்டியதில்லை.

உங்களிடமும் ஸ்கேன் சொல்லும் ரைட்டர் ஒன்று இருந்தால், அலமாரியில் உள்ள பழைய வட்டுகளை ஓட்டிப் பார்த்துப் பதிந்து வையுங்கள். பதியும்போது வரைபடத்தோடு ரைட்டரின் மாடலும் ஃபர்ம்வேர் எண்ணும், வட்டின் உள்குறியீடு, எழுதிய வேகம், ஸ்கேன் செய்த வேகம் எல்லாம் இருக்க வேண்டும். மாடல் பெயரின் கடைசியில் வரும் ஒற்றை எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஐஎச்ஏஎஸ்124 என்ற ஒரே பெயரில் பி, சி, டி என்று பல வடிவங்கள் வந்திருக்கின்றன.